போட்டோவுக்கு மட்டும் ஒரு நூலகர்

மார்ச் 3, திங்கள்

காலையில் முதல் வேலையாக, நூலக வாசலில் மாட்டியிருக்கும் நூலகர்கள் எங்கள் ஒன்பது பேர் படத்தைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது. ஒன்பது பேரும் ஒரே கல்லூரி, ஒரே பேராசிரியரின் மாணவர்கள். மூக்குக்கண்ணாடிகூட ஒரே கடையில் வாங்கியது போல.

பல்கலைக்கழக நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. நூலகப் பணியாளர்களில் பன்முகத்தன்மைக்கு என்ன செய்தீர்கள், படத்துடன் அறிக்கை வேண்டும். பார்வைக்குழு வேறு வருகிறதாம்.

தலைமை நூலகர் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்மகிட்ட இல்லாததாம்மா? நாலு பேருக்குச் சர்க்கரை போட்ட டீ, அஞ்சு பேருக்குப் போடாத டீ."

மார்ச் 5

படம் எடுத்தாயிற்று. வாசகர் உதவி மேசையில், புத்தகம் அடுக்குகிறவளைப் பிடித்து உட்கார வைத்தார் தலைமை. பதினோரு வருடமாகத் தள்ளுவண்டியோடு நடக்கிற ஒப்பந்த ஊழியர். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது அவள் மட்டும்தான். அஞ்சல் வழியில் நூலகவியல் பட்டம் வாங்கி, மூன்று முறை நூலகர் பதவிக்கு விண்ணப்பித்தாள். மூன்று முறையும் 'பொருத்தமில்லை'.

"எவ்வளவு நேரம் உக்காரலாம் சார்?"

"கிளிக் ஆகுற வரைக்கும்மா."

அவள் போட்டோக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, மெதுவாவே எடுங்க."

மார்ச் 6

படத்துக்குக் கீழே எழுதும் வேலை என் தலையில். 'வாசகர் உதவி மேசையில் நூலகர். தினமும் பத்து முதல் ஐந்து வரை சந்திக்கலாம்' என்று எழுதிவைத்தேன். தலைமை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிக்கமாட்டார் என்று தெரியும். பதினாறு வருடப் பழக்கம்.

மார்ச் 14

பார்வைக்குழு வந்ததும், படத்தில் இருக்கும் நூலகரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றது.

"என்னம்மா இது?" என்றார் தலைமை, பல்லைக் கடித்தபடி.

"நீங்க கையெழுத்துப் போட்டதுதான் சார்."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். குழுவில் ஒரு அம்மா கேட்டார்: பழைய வெள்ளப் புள்ளிவிவரம் வேண்டும், எங்கே பார்ப்பது? வழக்கமாக அந்த மேசையில் இருப்பவர் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தார். அவள் தட்டவில்லை.

"எல்லாரும் புவியியல்ல தேடுவாங்க மேடம். அது பாலம் கட்டுற புத்தகங்களோட, கீழ்த்தட்டுல இருக்கு. பசங்க என்கிட்டதான் வந்து கேப்பாங்க."

'இவரே மேசையில் தொடரட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 17

மேசையைச் சுற்றி மாணவர் கூட்டம். மேசையை இழந்தவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் இடப்பக்கம் இழுக்கிறதாம். பதினோரு வருடமாக இழுக்கிறது.

மார்ச் 20

காலியான நூலகர் பதவிக்கு நேர்காணல். தேர்வுக்குழுவில் தலைமை, எங்கள் பேராசிரியர், நான். நான்காவது முறையாக அவளும் வந்தாள். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. தேர்வானது பேராசிரியரின் புது மாணவர்.

"மேசையில வேணா இருக்கட்டும்மா. பதவி எதுக்கு? நம்ம செட்டோட ஒத்துப்போகணும்ல?" என்றார் தலைமை.

வீட்டுக்கு வந்து கொதித்தேன். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உன்னை எப்படி எடுத்தாங்க?" என்றார்.

என் நேர்காணல் நான்கு நிமிடம். பேராசிரியர் கேட்ட ஒரே கேள்வி, "அப்பா நல்லாருக்காராம்மா?" நல்லாத்தான் இருந்தார். வேலை கிடைத்தது — அதைப் போய் இத்தனை வருஷமா என் திறமைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேனே.

மார்ச் 21

வாசல் படத்தைப் பார்க்காமல் பின்பக்க வழியாக உள்ளே போனேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக்குத் தேர்வுப் பட்டியலில் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் பட்டியல் செல்லாது. அவர் காரணம் எழுதித் தர வேண்டும், நேர்காணல் மறுபடி நடக்கும். தலைமை ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயரைச் சொல்வதாக இருந்தார்.

பேனாவில் மை இல்லை என்று சொல்லலாமா? கண்ணில் மருந்து ஊற்றியிருக்கிறேன் என்று? அரை நாள் இப்படியே ஓடியது. மதியம் உட்கார்ந்து காரணத்தை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். என்னை எடுத்த விதமும் அதில் இருக்கிறது. உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தாயிற்று. கணவர் என்ன எழுதுகிறாய் என்றார். சலவைக் கணக்கு என்றேன்.