தறி நின்ற நாளில் பார்த்த வீடு

இன்று காலை பேப்பரோடு ஒரு மஞ்சள் நோட்டீஸ் வந்து விழுந்தது. முறுக்கு டப்பாவுக்கு அடியில் விரிக்கலாம் என்று எடுத்தவள், எழுத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன். "வீட்டு ஆய்வாளர் ஆகுங்கள். சனி, ஞாயிறு பயிற்சி. கையோடு சான்றிதழ்." மை வாசம்கூடப் போகவில்லை. உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கை தானாகப் போனை எடுத்தது. அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது.

இளையரசனேந்தலில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அஞ்சாவதோடு நின்று, பலசரக்குப் பொட்டலத் தாளை வாசித்தே எழுத்தை மறக்காமல் காப்பாற்றிக்கொண்டவள். நீ டிப்ளமோ முடித்தாய், திருநெல்வேலிக்கு வாக்கப்பட்டுப் போனாய். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். வீடு வாங்குகிறவர்களுக்காக முன்னாடியே போய், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா, கரண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை.

"வீடு பார்க்கதுக்கு ஒரு படிப்பா? எங்க மாமனார் வாசல்ல நின்னே சொல்லிருவாகளே" என்று கேலி செய்தேன்.

"ஏட்டி, உங்க மாமனார் கட்டுன மாடிப்படில ஒரு படி ஒசரம், ஒரு படி பள்ளம். நீ மொதல்ல விழாம எறங்கு" என்றாய்.

அந்தப் படிப்பு லேசுப்பட்டதாக இல்லை. மாதக்கணக்கில் ஒரு மூத்த ஆய்வாளர் பின்னால் வீடு வீடாக அலைந்தாய். அவர் தனியாக எழுதுவார், நீ தனியாக எழுதுவாய், இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். பிறகு பரீட்சை. தேறினால்தான் கம்பெனியின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் ஏறும். அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். "இது எங்க கம்பெனியா வச்சுக்கிட்ட கட்டுப்பாடு. வெளிய எவனும் போர்டு மாட்டிக்கிடலாம். மருந்துக்கடைக்காரன்ட்ட லைசென்ஸ் கேக்கான். வீடு நல்லாருக்குன்னு சொல்லுதவன எவன் கேக்கான்?" என்று பொருமுவாய்.

என் வீட்டுக்காரரின் தங்கை இங்கே சங்கரன்கோவிலில் வீடு வாங்கப் போகிறாள் என்றதும் உன்னைத்தான் கூப்பிட்டோம். ஆடித்தபசு அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும் என்று என் நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். அம்மன் காட்சி கொடுக்கிற நாளில் பார்த்தால் குறையே வராதாம். நீயும் வந்தாய். ஊரே தேரடிப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்க, நீ டார்ச்சோடு கட்டில் அடியெல்லாம் புகுந்து வந்தாய். வீடு நல்லாயிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். நாத்தனார் உனக்கு லட்டு ஊட்டிவிட்டாள்.

திருவிழா முடிந்த வாரம், மறந்து வைத்த அளவு டேப்பை எடுக்க அந்த வீட்டுக்குப் போன நீ, நேரே என் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தாய். காப்பியைத் தொடவில்லை.

"பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம் ஓடுதுட்டி. அந்த அதிர்வுல மாடி வாசல் நிலைக்கு மேல இருந்து காரை உதிருது. அன்னைக்குத் தபசுக்காக எல்லாத் தறியையும் நிப்பாட்டியிருக்காக. நான் பார்த்தது தூங்குத வீட்டை."

இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது, வாக்கப்பட்டு வந்த எனக்கும் பழகிப்போனது. நின்றால் திருவிழா என்று தோன்றும், வேறொன்றும் தோன்றாது. நீ நம் மானாவாரிக் காட்டூரில் வளர்ந்து திருநெல்வேலிக்குப் போனவள், உனக்கு அந்த மௌனம் சாதாரணமாகப் பட்டிருக்கிறது.

என் எதிரிலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டாய். "அதிர்வு எங்க பரிசோதனைல அடங்காதுன்னு ஒரு வரி சேர்த்துருங்க மேடம். கையெழுத்தை வாபஸ் வாங்குனா விசாரணை வரும், பட்டியல்ல உங்க பேரு நிக்காது" என்றார் அவர். நீ வாபஸ் வாங்கினாய். பயிற்சியிலேயே இதைச் சேருங்கள், அக்கம்பக்கத்தில் தினமும் என்ன ஓடுகிறது என்று கேட்கவும், வேலை நாளில் போய்ப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள் என்றும் எழுதினாய். எதற்கடி இந்த வம்பு என்று கேட்டேன். "பால் கணக்குல தப்பு வந்தா நீ அடிச்சு எழுத மாட்டியா? அவ்வளவுதான்" என்றாய்.

நாத்தனார் விடவில்லை. "அம்மன் நாள்ல நல்லாருந்த வீடு, ஒரு வாரத்துல கெட்டுப்போச்சாக்கும்?" என்றாள். வேறொரு ஆய்வாளர் வந்தார். போனில் படம் பிடித்தார், டீ ஆறுவதற்குள் சான்றிதழ் தந்துவிட்டுப் போனார். வீட்டை வாங்கிவிட்டார்கள்.

உன் பெயரை எடுத்துவிட்டார்கள், மறுபடி பரீட்சை எழுதச் சொன்னார்கள். அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மார்பில் கட்டி தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தலையணைக்கடியில் அந்தப் புத்தகம் இருந்தது. கோயில் புற்று மண் கொண்டுவந்து உன் நெற்றியில் இட்டேன். அம்மனிடம் உன் உயிரைத்தான் கேட்டேன், கிடைக்கவில்லை. அந்தப் பரீட்சையையாவது எழுத விட்டிருக்கலாம் என்று இன்னும் அவளோடு மல்லுக்கு நிற்கிறேன். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் உன் பெயருக்குக் கீழே 'வீட்டு ஆய்வாளர்' என்று போடச் சொன்னேன். "அதான் பட்டியல்ல இல்லையே அக்கா" என்றார் உன் தம்பி. அந்த இடம் வெறுமையாகவே அச்சானது.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் விளக்குப் பூசை. போகாமல் இருக்க முடியாத உறவு, போனேன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூசைக்கு வைத்த செம்புத் தண்ணீர், யாரும் தொடாமலே வளையம் வளையமாக நடுங்கியது.

"பாத்தியளா மதினி, அம்மன் வந்துட்டா" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நானும் கும்பிட்டேன். வந்திருப்பவள் அம்மனாகவே இருக்கட்டும், அவள்தான் இந்தச் சுவரைத் தாங்க வேண்டும். உன் பேச்சை எடுத்தால் அந்த வீட்டில் முகம் கறுக்கும். நாத்தனாரின் பேரப்பிள்ளை பின்சுவரை ஒட்டிப் பாயில் உறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடியுமுன் எழுந்து போய், உறக்கம் கலையாமல் பாயோடு சேர்த்து நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டேன்.