சவரி வாத்தியாரின் கடைசி வாரம்

திருநகர், மதுரை
8-6-1988, புதன்

அன்புள்ள ஜேசுராஜுக்கு,

நீயும் ஆனிமேரியும் சென்னையில் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு இன்னாசிமுத்து எழுதுவது. இங்கே மழை இல்லை. பசுமலைப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

முதலில், வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு முடிவைத் தெரிவித்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் முத்துக்கருப்பன் வீட்டு டி.வி. முன்னால் எனக்கென்று போடப்படும் நாற்காலியை முன்வரிசையிலிருந்து எடுத்து, வாசலோரம் செருப்புகள் கிடக்கும் இடத்தில் போடுவது என்று எங்கள் தெரு தீர்மானித்திருக்கிறது. விவாதம் ஏதும் நடக்கவில்லை. முத்துக்கருப்பன் மனைவி முத்துத்தாய் மட்டும், “சார், இங்கிட்டு கண்ணு கூசும், அங்கிட்டு உக்காருங்க” என்று என் உடல்நலத்தில் அக்கறை காட்டினாள்.

எல்லாம் நீ எழுதும் தொடரின் மகிமை. அரிசி மண்டியைக்கூட அடைத்துவிட்டு வந்து பார்க்கிறார் முத்துக்கருப்பன். வாரம் தவறாமல் டி.வி. நிலையத்துக்கு நேயர் அட்டையும் போடுகிறார். சவரி வாத்தியாருக்கு ஒரு கல்யாணம் பண்ணி வையுங்கள், இல்லையென்றால் கதையை முடித்துவிடுங்கள் என்று போன மாதம் எழுதினார். என்னிடம் படித்தும் காட்டினார். பிழை திருத்திக் கொடுத்தேன்.

சவரி வாத்தியார் நன்றாக வந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு சிநேகிதர்கள்; ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு பட்டணம் போகிறான், மற்றவன், சவரி, அங்கேயே தங்குகிறான். போனவனுக்கு முகம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, பாட்டுகூட இருக்கிறது. தங்கியவனுக்கு முதுகுதான். அவன் வரும்போதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து ஊதுவதுபோல் ஒரு குழல். அவன் செய்த குற்றம் என்னவென்று இத்தனை வாரமாக யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு நிலையத்தில் அனுமதி இல்லைபோலும், குழலுக்கு உண்டு. ஒரு சொல்லும் இல்லாமலே தெருவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பேருந்துக்கு நடக்கும்போது பிள்ளைகள் அந்தக் குழலை வாயால் ஊதுகிறார்கள். சுருதி சுத்தமாக இருக்கிறது.

நடிகருக்கு என் உடல்வாகு இல்லை, ஆனால் நடை என்னுடையது. அந்தக் குடையும் என்னுடையது. உடைந்த கம்பியில் மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்தது யாரென்று இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது தமிழ்நாட்டுக்கே தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. நூல் சுற்றும் அந்தக் கைகளை மட்டும் நீ அழகாகக் காட்டியிருந்தாய்.

எழுத வந்தது வேறு. தொடரில் ஒரு செவ்வாயன்று பால்காரன் சவரி வீட்டைத் தாண்டிப் போனான். மறுநாள் காலை நம் தவசி இந்த வீட்டைத் தாண்டிப் போனான். கூப்பிட்டேன். மாடு வற்றிவிட்டது என்றான். பக்கத்து வீட்டில் ஊற்றிக்கொண்டேதான் சொன்னான். அடுத்த வாரம் வீட்டுக்காரர் சவரியைக் காலி செய்யச் சொன்னார். நம் வீட்டுக்காரர் காசிமாயன் வியாழக்கிழமை வந்தார். “சார், உங்க மேல எனக்கு எம்புட்டோ மருவாதி இருக்கு. ஆனா தெருன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றார். எழுத்துப் பிசகாமல் உன் வசனம். அடுத்தது சவரியின் வசனம் என்பதால், சாவியை எப்போது தர வேண்டும் என்று நான் கேட்டேன். காசிமாயனுக்கு வியர்த்துவிட்டது. “இதை நான் எங்கயோ கேட்டிருக்கேனே சார்” என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

இன்னொன்று. கிளம்பும்போது யாரும் என்னிடம் ‘வாரேன்’ சொல்வதில்லை. முதலில் காசிமாயன். பிறகு, கொடுத்த கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்த முத்துத்தாய். பேசிக்கொண்டே இருப்பார்கள், திரும்பிப் பார்த்தால் ஆள் தெருவில் இருப்பார். துக்க வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்பது உனக்குத் தெரியும். யோசித்துச் செய்கிற மாதிரியும் இல்லை. கால் தானாகப் போகிறது.

நேற்று சவரி குடையோடு கண்மாய்க் கரையில் ஏறி நின்றான். சென்னையில் ஏது கண்மாய், ஏதோ ஏரியைப் பிடித்திருக்கிறீர்கள். முதுகோடு படம் நின்றது. அடுத்த வாரம் கடைசி வாரம் என்று போட்டார்கள். அறையில் இருந்த எல்லோரும் மெதுவாகத் திரும்பி வாசலோரம் பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது.

ஜேசு, இன்னும் படம் எடுத்து முடிக்கவில்லையென்றால் அவனைக் கரையிலிருந்து திருப்பிவிடு. சிநேகிதன் திரும்பி வர வேண்டாம். அது கதைக்குப் பொருந்தாது, ஆனிமேரிக்கும் நியாயமில்லை. சவரி வீட்டுக்கு வந்து குடையை மடக்கி மூலையில் வைக்கட்டும். ஒரு தடவை அவன் முகத்தைக் காட்டு. யாராவது ஒருத்தர், பால்காரனாக இருந்தாலும் போதும், போகும்போது ‘வாரேன் சார்’ என்று சொல்லட்டும். நீ எழுதினால் இந்தத் தெரு செய்துவிடும்.

உன் வீட்டில் விளக்கு நின்று எரியட்டும். குடை பத்திரமாக இருக்கிறது.

என்றும் உன்,
இன்னாசிமுத்து

*

(சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்த நேயர் அட்டை)

திருநகர்
29-6-1988

மதிப்பிற்குரிய நிலையத்தாருக்கு அரிசி மண்டி முத்துக்கருப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தொடரின் கடைசி வாரம் வெகு இயற்கை. சவரி வாத்தியார் தண்ணீரில் இறங்கியபோது எங்கள் வீட்டில் அழாதவர் இல்லை. கடைசிவரை முகத்தைக் காட்டாமலே முடித்தது நல்ல உத்தி. மறுநாள் காலை தெருவோடு இன்னாசிமுத்து சார் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தோம். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாரே கதவைத் திறந்து உட்காரவைத்து, எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். துக்க வீட்டில் குடிக்கக் கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம். அன்று மாலை வீடு திறந்து கிடந்தது, உள்ளே சார் இல்லை, சாவி கதவிலேயே இருந்தது. குடை மூலையில் இருந்தது. இப்போது அங்கே வேறு குடித்தனம், புருஷன் பெண்டாட்டி இரண்டு குழந்தைகள். தவசி அந்த வீட்டுக்கு மறுபடியும் பால் ஊற்றுகிறான்.