புதுப் பவளங்களுக்கு அரை வெளிச்சம்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஆமாம், நானே என் கையால் எழுதுகிறேன். முதல் கடிதத்தை யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று மாலைப் பள்ளி டீச்சர் கேட்டார். பக்கத்து பெஞ்சு டெய்லர், தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு எழுதப் போவதாகச் சொன்னார். நான் என் மருமகளுக்கு என்றேன். இந்தப் பக்கத்தை முடிக்க ஒரு மாலை முழுவதும் ஆகிறது. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நான் நினைப்பது நான் இல்லாத ஊருக்குப் போய் உன்னிடம் பேசப் போகிறது.

போன் எனக்குப் பிடிக்கவில்லை. நீ "சாப்டீங்களா மாமா" என்கிறாய், நான் "சாப்ட்டேம்மா" என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடும் சத்தம்தான் கேட்கிறது.

விஷயம் இதுதான். நீ கிளம்புவதற்கு முன் உன் உப்புத்தண்ணீர்க் கண்ணாடித் தொட்டிக்காக வளர்ப்பு மீன் கடையில் சொல்லி வைத்திருந்த உயிர்ப் பவளங்கள் வந்துவிட்டன. மொத்தம் ஐந்து. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பச்சை, கிளை விட்ட ஊதா ஒன்று, சட்டைப் பொத்தான் மாதிரி மூன்று. மகன், "தொட்டியையே வித்துடலாம்ப்பா" என்றான். நான் விடவில்லை. கடைக்காரர் சொன்னபடி பைகளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு ஒவ்வொன்றாக இறக்கினேன். நீ வைத்திருந்த அந்தப் பிசையும் பசையால் பாறை மேல் பதித்தேன். காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்த கை இல்லையா? ஒன்றுக்கொன்று நூல் இடைவெளி கிடையாது. ரசமட்டம் வைத்துப் பார்க்காததுதான் குறை. புதிதாக வந்தவை கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கையும் முழுதாக எரியவிட்டேன்.

ஆனால் எல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. என்ன தப்புச் செய்தேன்?

நீ எப்போது வருவாய்? அவன் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

உன் மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் மேசையில் வைத்துப் பிரித்தேன். உங்கள் எழுத்து என்று தெரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி திட்டினார். திட்டட்டும்.

முதலில் விளக்கைக் குறையுங்கள். கடையில் மங்கலான இடத்தில் இருந்தவை அவை. திடீரென்று முழு வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். ஒரு வாரம் அரை வெளிச்சம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அடுத்தது உங்கள் தளவரிசை. மாமா, சுவர் கட்டுகிற மாதிரி அடுக்கிவிட்டீர்களே! அந்தப் பச்சை பார்க்கத்தான் சாது. விளக்கு அணைந்ததும் நூல் மாதிரி கைகளை நீட்டி, பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். ஒரு சாண் தள்ளித் தள்ளி வையுங்கள். தனிக் கல்லோடு வந்ததைப் பசை போடாமல் சும்மா வைத்தாலே போதும். அதற்குப் பிறகு தொட்டிக்குள் கை விடவே கூடாது. இங்கே நன்றாயிருக்குமா, அங்கே நன்றாயிருக்குமா என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எங்கேயும் பிடிக்காது. தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். வற்றுவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று. உங்கள் மகனுக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறேன். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று கோர்ட்டில் கொடுக்க எழுதியது. கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை, மாமா. நான் பேசினால் பதில் வராது, அவ்வளவுதான். சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது.

பவளங்கள் பிடித்துக்கொண்டதும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்து தொட்டியைக் கொண்டுபோகிறேன். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 21

அன்பு மருமகளுக்கு,

பிரித்து வைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் பச்சை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஊதாவின் ஒரு பக்கம் எலும்பு மாதிரி வெளுத்துப் போயிற்று. சந்து விட்டு வேலை செய்தால் கூலியைப் பிடித்த காலத்தில் வளர்ந்தவன் நான். சந்து விடாததற்கு ஓர் உயிர் போகும் என்று யார் கண்டது?

உப்பு டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நானே படித்தேன். "குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும்." படித்துவிட்டு டப்பாவை அடுப்படியிலிருந்து மாற்றி வைத்தேன். ஒரு டப்பா என்னிடம் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

பத்திரம் வந்தது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அவனிடம், "பவளம் பிடிக்கட்டும்டா. அவ வருவா. நேர்ல உக்காந்து பேசுங்க. அதுக்கப்புறமும் போடணும்னா போடு" என்றேன். "சரிப்பா" என்றான். அவன் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் ஓர் அறையைப் பூசி முடித்துவிடுவேன்.

ஆனால் நேற்று வேலை விட்டு வந்தவன் தொட்டி முன்னால் வந்து நின்றான். "அது ஏம்ப்பா வெளுத்திருக்கு?" என்று கேட்டான். "எனக்கென்னடா தெரியும், அவளுக்கு எழுதிக் கேளு" என்றேன். பிறகு சட்டை மாற்றப் போய்விட்டான்.

கேட்டானே, அதுவே பெரிது என்று எனக்குப் படுகிறது.

உன் மாமா


ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

ஊதாவில் வெளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். நிறம் மாறாத பகுதி பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அவர் எனக்கு எழுதவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை வண்டி சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 13

அன்பு மருமகளுக்கு,

ஊதா பிழைத்துவிட்டது! வெட்டிய இடத்தில் தோல் மூடுகிறது. பொத்தான்கள் மூன்றும் விரிந்துவிட்டன. பச்சை நன்றாகச் சாப்பிட்ட பண்ணையார் மாதிரி உப்பிக் கிடக்கிறது.

நீ வரும் நாளைச் சொல்லிக் கடைக்காரரிடம் யோசனை கேட்டேன். "பெரியவரே, இப்பதான் பாறையைப் புடிச்சிருக்கு. இப்ப பேர்த்தா ஒண்ணும் தேறாது. ஆறு மாசமாவது விடுங்க" என்றார். உன்னிடம் மறைக்க முடியாது. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ வா. தொட்டியை எடுக்க வேண்டாம். இங்கேயே இருந்து கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளேன். உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

கடைக்காரர் சொல்வது சரிதான். பேர்க்க வேண்டாம். தொட்டி உங்களிடமே இருக்கட்டும். வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வரவில்லை.

கோபப்படாதீர்கள். வந்தால் இருந்துவிடுவேன் என்றுதான் பயம். அந்த வீட்டில் என்னோடு பேசியது நீங்கள் ஒருவர்தான். அதற்காகவே இவ்வளவு காலம் இருந்தேன். மாமனாருக்காக ஒருத்தி எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும்?

பத்திரத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


மே 4

அன்பு மருமகளுக்கு,

போன சனிக்கிழமை நான் உன் ஊருக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது.

தனிக் கல்லில் இருந்த ஒரு பொத்தானை டிபன் கேரியரில் தொட்டித் தண்ணீரோடு வைத்து, மேலே துண்டைச் சுற்றி எடுத்து வந்தேன். இதைக் காட்டினால் நீ மனம் மாறுவாய் என்று ஒரு நப்பாசை. பஸ்ஸில் ஊர்ப் பெயரை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. உன் தெருவின் பெயர்ப் பலகையையும் படித்தேன்.

பட்டறைக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். வேலை விட்டு நீ இரண்டு பெண்களோடு வெளியே வந்தாய். அதில் குட்டையாக இருந்தவள் உன் மேஸ்திரி மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினாள். நீ சிரித்தாய். கேட்டைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "போதும்டி, வயிறு வலிக்குது" என்றாய். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது.

எனக்கு அந்தச் சிரிப்பு புதிது. நம் வீட்டில் நீ சிரித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். என்னோடு டிவி பார்க்கும்போது சிரிப்பாய். ஆனால் அடுத்த அறைக்குக் கேட்காத அளவுக்குத்தான்.

கூப்பிட்டிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். "ஏன் மாமா தனியா வந்தீங்க" என்று திட்டிக்கொண்டே கையிலிருந்ததைப் பிடுங்கியிருப்பாய். என்னைக் கொண்டுவிட என்னோடு பஸ்ஸும் ஏறியிருப்பாய். ஏறியிருந்தால் இறங்க விட்டிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஆறிப் போயிருந்தது. அந்தப் பொத்தான் திறக்கவே இல்லை. மற்றவை நன்றாக இருக்கின்றன.

மறுநாள் பத்திரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "போட்டுடுடா" என்றேன். "நிஜமாவாப்பா?" என்றான். "ஆமா, அவ அங்க நல்லா இருக்கா" என்றேன். பேனாவைத் தேடி எடுத்து வந்து உட்கார்ந்தான். "சிரிச்சாளா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித்தான் அவனுக்குத் தெரிந்ததோ. போட்டுவிட்டான்.

அவன் கையெழுத்துக்குக் கீழே 'சாட்சி' என்று ஓர் இடம் இருந்தது. அதையும் நானே படித்தேன். அதில் என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். அரசாங்கத்துத் தாளில் நான் எழுதிய முதல் எழுத்து அது. மெதுவாகத்தான் எழுதினேன். ஓர் எழுத்தும் கோணவில்லை, பார்.

பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் கீழே இனி என்னவென்று போடுவது என்று தெரியவில்லை. டீச்சரைக் கேட்க வெட்கமாக இருந்தது. பழையபடியே போட்டுவிட்டேன்.

உன் மாமா