ராஜாத்தி கொடுத்த வெள்ளை மாத்திரை

என் பிரியமுள்ள பேச்சிக்கு,

இது என் கையெழுத்து. நீ நம்ப மாட்டாய். எழுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. டீச்சருக்கு நம் பேத்தி வயதுதான் இருக்கும். எல்லோரையும் அவரவர் பெயரை எழுதச் சொன்னாள். நான் உன் பெயரை எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. உப்புப் பாக்கெட், சோப்பு உறை, பஸ் போர்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளும் தெரியும். "அப்பாவுக்குத் தீப்பெட்டி கெடச்சாலும் கதைப் புத்தகம்தான்" என்று நம் மகள் செல்வி கேலி செய்வாள்.

சந்தோஷமான சேதி இவ்வளவுதான். மற்றதைச் சொல்லத்தான் கடிதம். வகுப்பு மலரில் போட டீச்சர் ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். இதையே தருகிறேன். நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் படிக்கட்டும்.

கடைசி வருஷம் நீ கொழுந்து கிள்ளிய வேகம் நினைவிருக்கிறதா? பேச்சியம்மாளைப் பார்த்துப் படியுங்கள் என்று சூப்பர்வைசர் மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் கை ஓடவில்லை, நடுங்கியது என்பது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாய், ரவிக்கையோ தோளில் நிற்காமல் சரிந்தது. மார்கழிக் குளிரில் வியர்த்தது. ஒரு டம்ளர் கீழே விழுந்ததற்கு உட்கார்ந்து அழுதாய். வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும் என்றேன் நான்.

உன் கண் முன்னால் துருத்தி வந்தபோது கண்ணேறு என்றார்கள். இவ்வளவு கொழுந்து எடுப்பவள் மேல் ஊர்க்கண் படாமல் இருக்குமா? உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். மிளகாய் வெடித்த சத்தத்தில் எனக்கு நிம்மதி வந்தது. உனக்கு வந்ததா? கேட்கவில்லையே.

உன் நெஞ்சு படபடப்பது முதுகில் கை வைத்தாலே தெரிய ஆரம்பித்த பிறகுதான் போடிமெட்டு இறங்கித் தமிழ்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்கள், கழுத்தில் இருக்கும் தைராய்டுச் சுரப்பி வேண்டியதற்கு மேல் வேலை செய்கிறது என்று. எனக்கு உடனே புரிந்தது. பேக்டரியில் உலை பார்த்தவன் அல்லவா நான்? விறகு அதிகம் விழுந்தால் தேயிலை கருகிப் போகும். உன் உடம்பில் யாரும் போடாமலே விறகு விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான் நெஞ்சும் கையும் மனசும் ஓடின. விறகைக் குறைக்கத்தான் அந்த ரோஸ் நிற மாத்திரை. நாமாக நிறுத்தக் கூடாது, காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் ஓடி வரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு மாதத்தில் நீ தூங்கினாய். உடம்பில் சதை பிடித்தது. கை நடுக்கம் நின்றது. கொழுந்து குறைந்துவிட்டது என்று அதே சூப்பர்வைசர் முகம் சுளித்தார். உடம்பு தேறியதற்கு உனக்குக் கிடைத்த மரியாதை அது.

பிறகு அந்த மழை வந்தது. மலை சரிந்து போடிமெட்டு ரோடு அடைபட்டது. உன் மாத்திரை தீர்ந்தது. இந்தக் கேரளத்துப் பக்கம் ஆஸ்பத்திரியே இல்லையா? இருந்தது. அங்கே எழுதிய சீட்டை இங்கே காட்டினால் திட்டுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரும் திட்டவில்லை. நான் போகவே இல்லையே.

பக்கத்து வீட்டு ராஜாத்திக்கும் தைராய்டு. உப்பிலிருந்து கம்பளி வரை நம் லயத்தில் எதைத்தான் மாற்றிக்கொள்ளவில்லை? தன் மாத்திரை அட்டையை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். நீ அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏங்க, மதினியோடது வெள்ளையா இருக்கு. நம்மது ரோசுல்ல?"

"மாத்திரைக்கு என்னடி கலரு? முழுங்கு."

இதைத்தான் நான் சொன்னேன் பேச்சி. எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல் அடித்தது. நெஞ்சு குதித்தது, பேச்சு குழறியது. ஜீப்பில் ஏற்றி இந்தப் பக்கத்து டவுனுக்குப் போகும் வழியில், பட்டப்பகலில், என் மடியில் போனாய். நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதையே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். செல்வி சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகள். போன வருஷம் அவளும் உன்னைப் போலவே மெலிந்தாள். கூட வேலை செய்பவர்கள் எப்படி இளைத்தாய் என்று ரகசியம் கேட்டார்களாம். நல்லவேளை, அவள் மிளகாய் சுற்றாமல் ரத்தம் பார்த்தாள். உன் வியாதிதான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தபோது மாத்திரை தீர்ந்திருந்தது. காலி அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஜாத்தி வந்தாள்.

"இதுக்குப் போயி ஏன்டி மொகத்தத் தூக்கிட்டு இருக்க? இதுவும் தைராய்டு, அதுவும் தைராய்டு. ஒங்க அம்மாவுக்கும் நாந்தானே குடுத்தேன்."

பத்தாவது வரை படித்த செல்வி பேரைப் பார்க்காமலே தண்ணீர் எடுக்கப் போனாள். எனக்குத்தான் எதைக் கண்டாலும் படிக்கும் பைத்தியம். இரண்டு அட்டையையும் வாங்கி, எழுத்து எழுத்தாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்தே வேறு. தண்ணீரோடு வந்த செல்வியை வாசிக்கச் சொன்னேன். அவளுடையது கார்பிமசோல். ராஜாத்தியுடையது தைராக்சின்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். கூடவே இருவரும் வந்தார்கள். அங்கே இருப்பது மலையாளத்து நர்ஸ்.

"ரெண்டும் தைராய்டுக்குத்தான் அப்பச்சா. பட்சே ஒண்ணு கூடினதக் குறைக்கும், மத்தது குறஞ்சதக் கூட்டும். மாறிப் போட்டா ஆபத்து."

எரிகிற உலையில் விறகு போடுவதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். உன் கதையைச் சொன்னேன். மருந்தை நிறுத்தியதே பெரிய கேடு, அதன் மேல் இதுவும் சேர்ந்திருக்கிறது. எது கொண்டுபோனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். முப்பது வருஷம் உலை பார்த்தவனுக்கு ஆறுதல் எங்கே இருக்கிறது?

ராஜாத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குடுத்ததுதானே அண்ணே, நான் குடுத்ததுதானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நீ பிரியத்தில் கொடுத்தாய் ராஜாத்தி, பேச்சி சந்தேகப்பட்டுக் கேட்டாள், விழுங்க வைத்தவன் நான் என்றேன். செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா கேட்டுச்சா?"

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் அழவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். ஒரு மாதம் போன் இல்லை.

எழுத்துத் தெரியாததால் வந்த வினை என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். டீச்சர்கூட அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு அந்தச் சாக்கு வேண்டாம். வெள்ளைக்கும் ரோசுக்கும் வித்தியாசம் பார்க்க எந்த எழுத்து வேண்டும்? உனக்கும்தான் எழுத்துத் தெரியாது. நீ பார்த்தாயே.

போன வாரம் செல்வி போன் செய்தாள். மாத்திரையால் மட்டும் அடங்கவில்லையாம். அயோடின் மருந்து ஒன்று இருக்கிறது, ஒரு தடவை விழுங்கினால் சுரப்பியைச் சுருக்கிவிடும் என்கிறார்களாம். அதில் பயமில்லை அவளுக்கு. பயம் அதற்குப் பிறகு.

"சுரப்பி சுருங்கிருச்சுன்னா, ராஜாத்தி அத்த போடுற வெள்ள மாத்திரையத்தான் நான் ஆயுசுக்கும் போடணுமாம். என்னால முடியாதுப்பா. அத வாயிலயே வைக்க மாட்டேன்."

இந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நான். உண்மையைச் சொன்னதில் வந்த பயம். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

என் வாயால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உலை அணைந்து குளிர்ந்துவிட்டால் அதே விறகுதான் வேண்டும். அம்மாவின் உலை அன்று கொழுந்துவிட்டு எரிந்தது, உன்னுடையது அந்த மருந்துக்குப் பிறகு அணைந்திருக்கும் என்றேன். "டாக்டர்கிட்ட நீங்களும் வந்து கேளுங்க" என்றாள் கடைசியில். என்னை மன்னித்தாள் என்று எழுத மாட்டேன். கூட வரச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த மருந்தில் கதிர்வீச்சு இருப்பதால், விழுங்கிய பிறகு சில நாள் பிள்ளைகளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டுமாம். நம் வீட்டுக்கு வருகிறாள். பேச்சி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். டாக்டரிடம் அவளுக்கு இருக்கும் கேள்வியெல்லாம் தீரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இங்கே உள்ளறையை அவளுக்கு விட்டுவிடுவேன். கஞ்சியும் துவையலும் செய்து கதவருகில் வைத்துவிட்டு, அவர்கள் சொல்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் பேசினால் பேசுவேன். பேசாவிட்டாலும் அங்கேயே இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா
முத்தையா