வெற்று வானத்து வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

நான் ஆராயும் விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் பெருங்கருந்துளை தீனியைக் குறைத்துவிட்டது. விழும் வாயு சூடேறி வீசும் எக்ஸ் கதிர், போன மாத அளவில் பாதிதான். வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். "ஏம்மா, அதுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

மார்ச் 4

சேதி கேட்டு ஆய்வுக்குழுத் தலைவர் துள்ளிக் குதித்தார். வெள்ளிக்கிழமை விண்வெளித் தொலைநோக்கியை என் பக்கம் திருப்ப அனுமதி வாங்கிவிட்டார். அது ஜன்னலோரத்து மேஜைக்காரர் ஒன்றரை வருடம் காத்திருந்து வாங்கிய நாள். "உங்களோடது பட்டினி கிடக்குதுன்னா என்னோடது தள்ளிப் போகட்டும், அக்கா." சிரித்தார். அதில் பல் மட்டும்தான் இருந்தது.

மார்ச் 5

தலைவர் வானத்தின் படம் கேட்டார். அப்போதுதான் திறந்தே பார்த்தேன்.

எப்போதும் இரண்டு வட்டம் போடுவோம். ஒன்று கருந்துளை மேல். மற்றொன்று பக்கத்தில், ஒன்றுமில்லாத வானத்தில். முதலாவதன் வெளிச்சத்திலிருந்து இரண்டாவதன் வெளிச்சத்தைக் கழித்தால், கருந்துளையுடையது மட்டும் மிஞ்சும். நான் போன மாத வட்டங்களையே போட்டிருந்தேன். அன்று அங்கே ஒன்றுமில்லை. இந்த முறை ஒரு குட்டி நட்சத்திரம் எழுந்து உட்கார்ந்து ஜொலிக்கிறது! அதையும் சேர்த்துக் கழித்திருக்கிறேன்.

கருந்துளையின் தட்டிலிருந்து அள்ளி எடுத்தவளே நான். எடுத்துவிட்டு, சாப்பிடவில்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டால்? நாளை வட்டத்தைச் சரியாகப் போட்டால் பழைய வெளிச்சமே தெரியும். 'மீண்டெழுந்தது' என்று எழுதலாம். இன்னும் பெரிய செய்தி. யாருக்குத் தெரியப்போகுது — சீ, என்ன புத்தி இது?

மாலை: சொல்லிவிட்டேன். தலைவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். "வட்டம் போடத் தெரியாதாம்மா உனக்கு?" நாள் ஜன்னலோரத்துக்கே திரும்பிவிட்டது.

மார்ச் 6

கிண்டல். தேநீர்க் கோப்பை மேஜையில் விட்ட ஈர வட்டத்தைக் காட்டி ஜன்னலோரம்: "இது காலிதானா, அக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

மார்ச் 11

இன்னும் அதே கோப்பை. அதே கேள்வி.

மார்ச் 20

ஜன்னலோரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவருடைய அந்த வெள்ளிக்கிழமைப் படம் வந்துவிட்டது. "ரெண்டாவது வட்டத்தை நீங்களே போட்டுடுங்க, அக்கா."

நெடுநேரம் தேடினேன். சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் தள்ளி, ஒரு மூலையில் போட்டேன். கிண்டல் எதுவும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.

வீட்டில் மாமியார்: "இன்னிக்காவது சாப்பிட்டுச்சா அது?"

"வயிறு முட்ட, அத்தை."

"அப்ப நீயும் வந்து உட்காரு."