பாலத்துச் சங்கிலி குறித்து வரைமேட்டுக்கு விடுத்த ஓலை

நன்மையே சூழ்க. கடலும் கலமும் உப்பளமும் ஆளும் தாழைமுகத்துப் பேரரசி நறுந்தேவியார் ஆணையால், ஏலச்சாவடி அமைச்சர் ஆதன் கொற்றனார் எழுதுவிக்கும் ஓலை. கார்முகில் முதலில் இறங்கும் வரைமேட்டின் காவலர், கொடுத்த வாக்கு மாறாதவர், முகிலவேள் அவர்கள் திருமுன் சேர்க. தங்கள் மலையும் சுனையும் தினைப்புனமும் குடிகளும் குறைவற்று வாழ அமைச்சர் வேண்டுகிறார். தம் நலம் பற்றி எழுத அவருக்குத் தெம்பில்லை.

தங்கள் புறா வந்து சேர்ந்தது. பள்ளத்தாக்கின்மேல் தொங்குபாலம் கட்டுவதற்காக, புறாவழி விலை கேட்கும் எம் ஏலத்தில் தாங்கள் எடுத்த இரும்புச் சங்கிலி, மூட்டையை அவிழ்த்தபோது கரியும் மெழுகும் பூசிய கயிறாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். சென்ற மழையில் பேறுகால வலி கண்ட ஒரு பெண், பள்ளத்தாக்கைக் கடந்து தங்கள் கரை மருத்துவரிடம் வர வழியின்றி அக்கரையிலேயே மாண்டாள் என்றும், இம்மழைக்கு முன் பாலம் எழாவிடில் இன்னும் யார் யாரோ என்றும் எழுதியிருந்தீர்கள். அவ்வரியைப் படித்த அமைச்சர் ஓலையைக் கீழே வைத்துவிட்டார். அன்று வேறெதுவும் அவர் படிக்கவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. விற்ற வங்கன் என்பான், இறந்துபோன நல்ல வணிகர் ஒருவரின் முத்திரையை அவர் பிள்ளைகளிடம் விலைக்கு வாங்கி, அம்முத்திரைக்கு ஊரார் தந்திருந்த நற்சான்றுகளையெல்லாம் தனதாக்கிக்கொண்டான். தங்களோடு போட்டியிட்டு விலையை ஏற்றிய புறாக்கள் அத்தனையும் அவன் வீட்டுக் கூண்டில் தீனி தின்றவை. அவனோ கப்பலேறிவிட்டான்.

ஆயினும் அவன் கைக்குப் பொன் போனது எப்படி? வாங்குவோர் பொன்னைச் சாவடி தன் காவலில் வைத்திருக்கிறது. வாங்கியவர் பொருளைப் பார்த்துச் சோதித்து, ‘கண்டேன்’ என்று நறுக்கோலையில் எழுதிப் புறா விட்ட பின்னரே அப்பொன் விற்றவனைச் சேரும். வரைமேட்டாராகிய நீங்களோ விலை கேட்கும் புறாவின் காலிலேயே ‘கண்டேன்’ நறுக்கையும் கட்டி அனுப்பிவிடுகிறீர்கள். சென்ற ஆண்டே அமைச்சர் இதைத் தடுத்து எழுதியபோது, “வணிகனைக் காக்க வைப்பது எம் குடிக்கு இழுக்கு” என்று தாங்கள் மறுமொழி விடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையைத்தான் வங்கன் விற்றுத் தின்றான். நறுக்கில் தங்கள் முத்திரையே இருந்தபடியால் சாவடியாலும் பொன்னை மீட்க இயலவில்லை. அமைச்சருக்குக் கோபம்கூட வரவில்லை, சலிப்புத்தான் வந்தது. இதே புத்தியை எத்தனை நாட்டுக்குத்தான் அவர் எழுதுவார்?

இப்போது வேறொருவன் சாவடியை விட்டு விலகித் தன்னிடம் நேரே பொன் அனுப்பினால் பாதி விலைக்குச் சங்கிலி தருவதாகச் சொல்கிறான் என்றும், இசையலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சாவடிக்கு வெளியே போன பொன்னைத் தேடிப் பிடிக்க அமைச்சரிடம் ஆளுமில்லை, வயதுமில்லை.

பேரரசியாரின் பழைய கலமொன்றின் நங்கூரச் சங்கிலி வரும் ஏலத்துக்கு வருகிறது. கேட்பீர்களாயின் முறைப்படி விலை கேளுங்கள். அரசியாரின் பொருளாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு ‘கண்டேன்’ எழுதிவிடாதீர்கள். கண்ணி கண்ணியாகத் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். பாறை கட்டித் தொங்கவிடுங்கள். அரசியார் காத்திருப்பார், அதில் அவருக்கு இழுக்கொன்றுமில்லை.

இனி ஆணை. வரைமேட்டிலிருந்து விலையோடு சேர்ந்து வரும் ‘கண்டேன்’ நறுக்கு எதுவாயினும் சாவடி வாசலிலேயே எரிக்கப்படும். பாலம் எழுந்தபின் குடிகள் எவரும் கால் வைக்கும் முன், அதன்மேல் தாங்களே முதலில் நடக்க வேண்டும். நடந்து சேர்ந்தால், ‘கண்டேன்’ நறுக்கோடு புறாவை அக்கரையிலிருந்து விடுக.

பேரரசியார் இலச்சினை பொறிக்கப்பட்டது. ஆதன் கொற்றனார் சொல்லக் கேட்டு எழுதியவன், சாவடி ஓலைநாயகம் வெண்பூதன்.