கோப்பை கழுவும் பாட்டு

சனிக்கிழமை, நவம்பர் 15

இன்று மச்சாளின் கல்யாண மண்டபத்தில் அப்பா அண்ணையின் கிற்றாரைப் பிடுங்கி அதனாலேயே அவரது முகத்தில் அடித்தார்.

மொன்றியல் தமிழருக்கு அண்ணை ஆட்டப் பாட்டுகளின் நட்சத்திரம். இந்த வருடம் அவற்றை விட்டுவிட்டு, நெடுஞ்சாலையையும் உழைத்துக் களைத்தவர்களையும் பாடும் அமெரிக்க ராக் பக்கம் போய்விட்டார். புதுப் பாட்டுக்கு என்னிடம் வரிகள் கேட்டார். டவுன்டவுன் உணவகத்தில் அப்பா கோப்பை கழுவுவதையும், நீராவியில் வெந்த அவர் கையையும் எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரரிடம் அவர் அங்கே மனேஜர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். நான் அதை யோசிக்கவேயில்லை. உண்மையை எழுதினால் அழகாயிருக்கும் என்று மட்டும் நினைத்தேன். அந்தப் பாட்டைத்தான் அண்ணை இன்று மேடையில் பாடினார்.

"டேய், ஆடுற பாட்டைப் போடு! இதென்ன செத்த வீடே?" என்று பெடியள் கத்தினார்கள். அண்ணை நிறுத்தவில்லை.

"அப்ப எங்கட மனேஜர் கோப்பையோ கழுவுறார்?" என்று மாமா சிரித்தார். அப்பா மேடைக்கு ஓடினார்.

அண்ணையின் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தம்.

"ஆரடா உனக்கு எழுதித் தந்தது?" அப்பா மறுபடி ஓங்கினார்.

"நான்தான் எழுதினனான், அப்பா," என்றார் அண்ணை.

இரண்டாவது அடியில் ஒரு பல் தெறித்து மேடையில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அப்பா வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார். எழுந்துபோய், எழுதியது நான்தான் என்று சொல்ல...